ஏழு எழுத்துகளும் நின்றுபோன என் பேச்சும்

முதலில் கையில்தான் தெரிந்தது. காலை நேரம், சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தேன். பக்கத்தைத் திருப்பப் போன வலது கை, திருப்பாமல் காகிதத்தின் மேலேயே படுத்துக்கொண்டது. ராத்திரி ஒரே பக்கமாகப் படுத்திருப்பேன், மரத்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். இடது கையால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஆங்கில எழுத்துகளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் இப்போது ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பீர்கள். உள்ளே உங்கள் மனிதர் படுத்திருப்பார். கண் திறந்து பார்ப்பார், ஆனால் பேச்சு வராது. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பத்தாவதுக்கு மேல் படிக்கவும் இல்லை. தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் நின்று புடவை விரிக்கிறவள். பேச்சுதான் என் தொழில். அது ஒரு காலையில் நின்றுபோய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்ததைச் சொல்கிறேன்.

நான் எவ்வளவு பேசுகிறவள் என்று தெரிந்தால்தான் நான் இழந்தது எவ்வளவு என்று தெரியும். மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுச் சேர்த்துக்கொள்வதும் எனக்கு ஒரு பைத்தியம். கடைக்கு வரும் ஒரு மாமி, "கலர் சத்தம் போடப்படாதும்மா, கூப்பிட்டா மட்டும் திரும்பிப் பாக்கணும்" என்பார். இன்னொரு அம்மா, இருபது புடவை விரித்த பிறகு எழுந்துகொண்டே, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அதுங்களுக்குத்தான் என்னைப் பிடிக்கல" என்பார். இதையெல்லாம் வீட்டுக்கு வந்து என் நாத்தனார் சாந்தாவிடம் அவரவர் குரலிலேயே சொல்லிக் காட்டினால்தான் எனக்கு நாள் முடியும்.

சாந்தா என் கணவரின் தங்கை. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் கணவர் போன பிறகு மயிலாப்பூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மகள் நித்யா புனேயில் இருக்கிறாள்.

எங்கள் வீட்டு விளையாட்டையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அன்று நடந்தது புரியாது. ஆங்கிலச் செய்தித்தாளில் தினமும் ஒரு சக்கரம் வரும். நடுவில் ஓர் எழுத்து, சுற்றி ஆறு எழுத்து. அந்த ஏழை வைத்து எத்தனை வார்த்தை சேர்க்க முடியுமோ சேர்க்க வேண்டும். நடு எழுத்து எல்லா வார்த்தையிலும் இருந்தாக வேண்டும். நாங்கள் காபி குடித்துக்கொண்டே இதை வாயாலேயே ஆடுவோம். எழுதுவது கிடையாது.

பொய் சொல்லலாம் என்பது நாங்களாகச் சேர்த்துக்கொண்ட விதி. வார்த்தை கிடைக்கவில்லையா, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு இல்லாத வார்த்தை ஒன்றை அடித்து விடலாம். எதிராளிக்குச் சந்தேகம் வந்தால் "சேலஞ்ச்" என்று சொல்ல வேண்டும். செல்போன் அகராதியில் பார்ப்போம். தோற்றவர் காபிப் பாத்திரம் கழுவ வேண்டும். சாந்தா காலேஜில் ஆங்கிலம் படித்தவள். நான் பஸ் போர்டிலும் புடவைப் பெட்டியிலும் படித்தவள். அதனால் பொய்தான் என் பலம். வேடிக்கை என்னவென்றால், நான் அடித்துவிட்ட பொய்யில் சிலது அகராதியில் நிஜமாகவே இருக்கும். சாந்தா பாத்திரம் கழுவிக்கொண்டே, "பொய் சொல்லியே இங்கிலீஷ் கத்துக்கிட்ட ஆள் உலகத்துல நீங்க ஒருத்தர்தான் அண்ணி" என்பாள்.

அன்று வந்த எழுத்துகள் P, A, N, E, T, S. நடுவில் L. எனக்கு அல்வா மாதிரி. PLEAT, PASTEL இரண்டும் கடையில் தினமும் வாயில் புழங்குகிற வார்த்தைகள். மற்ற நாளாக இருந்தால் சாந்தா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் இரண்டையும் சொல்லியிருப்பேன். அன்று எழுத்துகள் தனித்தனியாகவே நின்றன. ஒன்றின் பக்கத்தில் ஒன்று வர மறுத்தன. ஏதோ ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"லாஸ்பன்."

"லாஸ்பனா?" சாந்தா சிரித்தாள். "ஆரம்பமே பொய்யா? சேலஞ்ச்!"

கை ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்ல வந்தேன். "லாஸ்பன். பன்" என்று வந்தது.

"பன்னுல நடு எழுத்தே இல்ல. தோத்தாச்சு. பாத்திரம் உங்களுது."

அவள் செல்போனை எடுத்து, ஒருவேளை இருந்தாலும் இருக்கும் என்று அந்த இல்லாத வார்த்தையை அகராதியில் தேடிக்கொண்டிருந்தாள். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதுவும் "பன்" என்றுதான் வந்தது. தலை நிமிராமலேயே, "இன்னிக்கு முடிவோடதான் எழுந்து வந்திருக்கீங்க" என்றாள். டம்ளரை எடுத்துக் குடித்தேன். காபி வாயின் ஓரமாக வழிந்து நைட்டியில் இறங்கியது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் முகத்தில் சிரிப்பு போன விதத்தைப் பார்த்துத்தான், எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

கீழே செல்வத்தின் ஆட்டோ நின்றிருந்தது. எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் இருப்பவர். சாந்தா ஏதோ விளக்க ஆரம்பித்ததும், "வாய் கோணிக்கினு கீதுக்கா, பேசிக்கினு நிக்கிறியே, ஏத்து ஏத்து" என்று அதட்டினார். வழியெல்லாம் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. எங்களுக்கு ஆட்டோ பக்கத்தில் இருந்தது. உங்களுக்கு ஆம்புலன்ஸ் சீக்கிரம் வரும் என்றால் அது. எதுவானாலும் உடனே கிளம்புங்கள். வாய் கோணுவது, ஒரு கை விழுவது, பேச்சு குழறுவது, இதில் ஒன்று வந்தாலும் போதும். கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும் என்று பார்க்காதீர்கள்.

எனக்கு வந்தது பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்வதால் அந்தப் பகுதி செயலிழப்பது). இடது பக்க மூளையில் அடைப்பு. ஸ்கேன் எடுத்து, அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். அந்த ஊசிக்குச் சில மணி நேரம்தான் கெடு, அதற்குள் போய்விட்டோம். டாக்டர், நர்சுகள், வண்டி தள்ளிய பையன், ஹாரன் அடித்த செல்வம், இவர்களில் ஒருவர் சாவகாசமாக இருந்திருந்தாலும் இந்தக் கட்டுரை இல்லை. அதை நினைக்காமல் நான் ஒரு வேளைச் சோறு உண்பதில்லை.

மறுநாளே வலது கையின் விரல்கள் அசைந்தன. பேச்சு அசையவில்லை. அதற்குப் பெயர் அஃபேசியா (மூளை பாதிப்பால் மொழி தடைபடுவது, அறிவு போய்விட்டது என்று அர்த்தமில்லை). அடைப்புக்குறிக்குள் இருக்கிற கடைசிப் பாதியை இன்னொரு முறை படியுங்கள். உங்கள் மனிதர் உள்ளே அப்படியேதான் இருக்கிறார்.

உள்ளே எப்படி இருந்தது என்று பலர் கேட்கிறார்கள். கடையில் மேல் அலமாரியில் ஒரு புடவை இருக்கும். எந்த நிறம், எந்தக் கரை, எந்தப் பெட்டிக்கு அடியில் என்று எல்லாம் தெரியும். ஏணி மட்டும் காணோம். அப்படித்தான் இருந்தது. வார்த்தை அங்கேதான் இருந்தது, என்னால் எடுக்க முடியவில்லை.

எல்லாம் போனாலும் ஒன்று மட்டும் தங்கியது. அதுதான் வேடிக்கை. காலை ரவுண்டுக்கு டாக்டர் வந்து என் கட்டிலருகே நின்றார். வயதான மனிதர், வழுக்கைத் தலை, பெரிய மீசை. நான் அவரைப் பார்த்து அத்தனை தெளிவாக, "வாங்கம்மா, என்ன பாக்கறீங்க?" என்றேன்.

அவர், "நான் ஒண்ணும் வாங்க வரலைம்மா, உங்களைத்தான் பாக்க வந்தேன்" என்றார். பக்கத்துக் கட்டில் அம்மாளுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

ஆயிரக்கணக்கான தடவை சொன்ன வார்த்தைகள் மூளையில் வேறு இடத்தில், பாட்டு மாதிரி, தங்கிவிடுமாம். டாக்டர் அப்படித்தான் விளக்கினார். எனக்குக் கடைக்கு வருகிறவர்களை வரவேற்கிற அந்த ஒரு வரிதான் மிஞ்சியது. தாகத்துக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். நித்யா புனேயில் இருந்து ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோதும், "வாங்கம்மா, என்ன பாக்கறீங்க?" என்றுதான் மகளைக் கேட்டேன். அவள் இன்னும் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அழுகைக்கு நல்லவேளை வார்த்தை வேண்டாம்.

சாந்தா மட்டும் அழவில்லை. உட்காரவும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது, வந்தவர் போனவர் எல்லாரும் அதில் உட்கார்ந்தார்கள். அவள் தலைமாட்டில் நின்றுகொண்டே இருந்தாள். டாக்டர் வரும்போதெல்லாம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன் டாக்டர். போன்ல தேடிக்கிட்டு இருந்தேன்."

"அந்தச் சில நிமிஷத்துல ஒண்ணும் கெட்டுப் போகலைம்மா. நீங்க கொண்டு வந்தது நல்ல நேரத்துலதான்" என்று அவரும் ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொன்னார். அவள் தலையாட்டுவாள். நம்பியதாகத் தெரியவில்லை. பேப்பர் ஏஜென்டுக்குப் போன் போட்டு, இனிமேல் ஆங்கிலப் பேப்பர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று நித்யா பிறகு என்னிடம் சொன்னாள். ஏன் என்று எனக்குப் புரிந்தது. ஆறுதல் சொல்லத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை.

ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சுக்குப் பயிற்சி தருபவர்) என்று ஒரு பெண் வந்தாள். பெயர் தீபா. படங்கள் காட்டினாள். சீப்புப் படத்தைப் பார்த்தேன். தலையை வாருவது போல் கையால் காட்டினேன். பெயர் வரவில்லை. பூட்டு, குடை, வாழைப்பழம், ஒன்றும் வரவில்லை. தீபா படங்களை அடுக்கி வைத்துவிட்டு வீட்டாரைக் கேட்டாள்.

"தினமும் விரும்பிச் செய்யறது ஏதாவது இருக்கா? கோலம், தையல், பாட்டு?"

சாந்தா ஜன்னலைப் பார்த்தாள். நித்யாதான் சொன்னாள். "ரெண்டு பேரும் பேப்பர்ல வர்ற இங்கிலீஷ் எழுத்த வச்சு வார்த்தை கண்டுபிடிப்பாங்க. அதுக்காகச் சண்டையெல்லாம் போடுவாங்க."

"அதையே கொண்டு வாங்களேன்."

"அந்தக் கருமம் மட்டும் வேண்டாம்" என்றாள் சாந்தா. அவ்வளவு உரக்கச் சொன்னதில் நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

தீபா அவளோடு வாதாடவில்லை. என்னிடம் வந்து, என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "உங்களுக்கு வேணுமா?" இத்தனை நாளில் என்னைப் பற்றி என்னிடமே ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் தலையை ஆட்டிய வேகத்தில் கழுத்து வலித்தது.

நித்யா மாட வீதியில் ஒரு பொம்மைக் கடையில் பிளாஸ்டிக் எழுத்துப் பெட்டி வாங்கி வந்தாள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று குழந்தைகள் விளையாடுவது. தீபா சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையில் நான்கு எழுத்துகளை மட்டும் கலைத்துப் போட்டாள். A, T, S, E. முதல் நாள் அவை எறும்பு மாதிரி ஊர்ந்தன. இடது கையால் வெறுமனே நகர்த்திக்கொண்டிருந்தேன். எப்படியோ A-யும் T-யும் அருகருகே வந்து நின்றன. தெரிந்த முகம் போல இருந்தது. தீபா கை தட்டினாள்.

ஏன் ஆங்கிலம் முதலில் வந்தது, தாய்மொழி ஏன் பின்தங்கியது என்று நித்யா கேட்டாள். தீபா, "ஆளுக்கு ஆள் வேறுபடும், இதுதான் முதல்ல வரும்னு சொல்ல முடியாது" என்றாள். "இவங்க இங்கிலீஷை எழுத்து எழுத்தா நகர்த்திக் கத்துக்கிட்டவங்க. அந்த வழி கொஞ்சம் திறந்திருக்கோ என்னவோ. எந்த வாசல் திறந்திருக்கோ அதுல நுழைவோம்."

சில நாள் கழித்து ஒரு மத்தியானம். பார்வையாளர் நேரம். நித்யா மருந்து வாங்கப் போயிருந்தாள். சாந்தா வழக்கம்போல் தலைமாட்டில் நின்றிருந்தாள். கால் மாற்றி மாற்றி நிற்பது தெரிந்தது. அவளுக்கு முழங்கால் வலி உண்டு. தீபா எழுத்துகளைப் போட்டுவிட்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் நான்கையும் நகர்த்தினேன். நேரம் பிடித்தது. SEAT.

பலகையைச் சாந்தாவின் பக்கம் தள்ளினேன்.

"ஆ! கண்டுபிடிச்சுட்டீங்க" என்றாள், குரலில் உயிரில்லாமல். "நாலெழுத்து. நல்ல வார்த்தை."

நான் பலகையைத் தட்டினேன். "வாங்கம்மா" என்றேன். அதுதானே என்னிடம் இருந்தது. மறுபடி அந்த வார்த்தையைத் தட்டினேன்.

"பாத்தேன் அண்ணி, பாத்தேன். சரிதான். அடுத்தது தேடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. பலகையை ஓங்கி அடித்ததில் S தரையில் விழுந்தது. தீபா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நின்றுகொண்டிருந்த சாந்தாவைப் பார்த்தாள், காலியாக இருந்த ஸ்டூலைப் பார்த்தாள்.

"அவங்க விளையாடல மேடம்," என்றாள். "உங்களை உட்காரச் சொல்றாங்க."

சாந்தா ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும்தான் அழ ஆரம்பித்தாள். தரையில் கிடந்த S-ஐ எடுத்துப் புடவையில் துடைத்து, துடைத்து, அதையே பிடித்துக்கொண்டு அழுதாள். என் இடது கை அவள் தலையில் இருந்தது. ஒன்றும் சொல்ல முடியாவிட்டால் என்ன, நான் சொல்ல வந்தது போய்ச் சேர்ந்துவிட்டது. நோய்க்குப் பிறகு நான் முதன்முதலாக ஒருவரோடு பேசியது அன்றுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு அடையாற்றில் தீபாவும் வேலை பார்க்கிற ஒரு பயிற்சி நிலையத்துக்கு வாரத்தில் சில நாள் போனோம். செல்வம்தான் கூட்டிப் போவார். நான் எங்கே போக வேண்டும் என்று சொல்லத் திணறினால், "பேச்சு வராட்டி இன்னாம்மா, கைய நீட்டு, அது போற பக்கம் நான் ஓட்றேன்" என்பார். வழியில் இருக்கும் ஒரு பெரிய தோட்டத்து மதில் ஓரமாக ஆட்டோ போகும்போது வரும் குளிர்ந்த காற்றுக்காகவே நான் அந்த நாட்களை எதிர்பார்த்தேன்.

அங்கே தீபா ஒரு கண்டிப்பு வைத்தாள். வார்த்தையைக் கண்டுபிடித்தால் போதாது, வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் போதாது, அதை வைத்து யாரையாவது ஏதாவது கேட்க வேண்டும். "இல்லேன்னா விளையாட்டுல கெட்டிக்காரியா ஆவீங்க, பேச்சு வராது" என்றாள். அதனால் நான் TEA சேர்த்த அன்று சாந்தா எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் யாரும் டீ குடிப்பதில்லை. கேட்டுவிட்டேனே என்று குடித்தேன். RAT வந்த அன்று அதை வைத்து என்ன கேட்பது என்று தெரியாமல் விழித்தேன். சாந்தா சமையலறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இப்போதைக்கு இல்ல அண்ணி, வந்தா சொல்றேன்" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் செய்த முதல் கேலி அது. எனக்குச் சர்க்கரை மாதிரி இருந்தது.

இன்னொரு நாள் எழுத்துகளில் PLATE என்று சேர்த்தேன். வாய் திறந்தால் "தட்டு" என்று வந்தது. சேர்த்தது ஒன்று, சொன்னது ஒன்று. அதற்குப் பிறகு தமிழ், கதவிடுக்கில் எட்டிப் பார்க்கும் பூனை மாதிரி, வருவதும் ஓடுவதுமாக இருந்தது.

வீட்டாரால் வரும் ஓர் இடைஞ்சலைச் சொல்ல வேண்டும். அது அன்பினால் வருவது. நான் வாயைத் திறந்தால் போதும், நித்யா ஆரம்பிப்பாள்: "தண்ணியா? காபியா? பாத்ரூமா? ஃபேனா?" கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்கிற மாதிரி. ஏதாவது ஒன்றுக்கு நான் தலையாட்டினால் அவளுக்கு நிம்மதி. ஆனால் எனக்குள் பாதி வழி வந்துவிட்ட வார்த்தை, அந்தச் சத்தத்தில் மிரண்டு திரும்பிப் போய்விடும். தீபா அதைச் சொன்னபோது மகளுக்கு முகம் வாடிவிட்டது.

அதற்கு வழி கண்டுபிடித்தவள் சாந்தா. "இனிமே அண்ணி தேடற வார்த்தையை யார் முந்திக்கிட்டுச் சொல்றாங்களோ, அவங்க பாத்திரம் கழுவணும். காபிப் பாத்திரம் மட்டும் இல்ல, மொத்தமும்" என்று அறிவித்தாள். மறுநாள் நித்யா மூன்று வேளையும் கழுவினாள். அதற்கு அடுத்த நாள் பார்க்க வந்த பக்கத்து வீட்டு மாமாவும் ஒரு குக்கர் கழுவினார். பிறகு வீடு அமைதியாகிவிட்டது. நான் வாயைத் திறந்தால் எல்லாரும் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். அந்த அமைதிக்குள் நான் நிதானமாகத் தேடினேன்.

அந்த விதி வீட்டோடு நிற்கவில்லை. ஒரு நாள் நானும் சாந்தாவும் குளத்தோரம் காய் வாங்கப் போனோம். எனக்குக் கொத்தவரங்காய் வேண்டும். கண்ணுக்கு நேராகக் குவிந்து கிடக்கிறது. காய்க்காரப் பெண், "இன்னாக்கா வோணும், கைய காட்டு, போட்றேன்" என்றாள். கையைக் காட்ட எனக்கு மனமில்லை.

"கொ... கொத்..."

"கொத்தமல்லியா? இந்தா."

இல்லை என்று தலையை ஆட்டினேன். பின்னால் நின்றவர் பையை மாற்றிப் பிடித்தார். யாரோ, "கொஞ்சம் நகருங்கம்மா" என்றார்கள். சாந்தா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு நின்றாள். சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்று அவளுக்கு பயம். எனக்கு வியர்த்தது. நடு எழுத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற எழுத்துகளைச் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்ப்போமே, அதே மாதிரி அந்தக் "கொத்"தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கொத்தவரங்கா."

"அடேங்கப்பா!" என்றாள் காய்க்காரப் பெண். "நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள முத்திப்பூடும்னு பாத்தேன்." ஒரு கைப்பிடி கூடவே அள்ளிப் போட்டாள். நான் நடுத்தெருவில் நின்று சிரித்தேன். அன்றைக்கு வைத்த கொத்தவரங்காய்ப் பருப்புசிலியில் உப்பு கம்மி. யாரும் குறை சொல்லவில்லை.

கடைக்குத் திரும்பிப் போனேன். முதலாளி என் இடத்தை வைத்திருந்தார். ஆனால் கல்யாணப் பட்டுப் பிரிவில் பேச்சு வேகமாக வேண்டும். நானே கேட்டு மாடியில் காட்டன் பிரிவுக்கு மாறிக்கொண்டேன். வலது கை இன்னும் பழைய மாதிரி விசிறி விரிப்பதில்லை. புடவையை மேசையில் வைத்து மெதுவாகத் திறக்கிறேன். அதுவும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. பழைய நான் வாடிக்கையாளர் யோசிப்பதற்குள் அடுத்த புடவையை எடுத்துப் போட்டுவிடுவேன். இப்போது அவர்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. ஒரு பெண் துணியின் மேல் கையை வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றுவிட்டு, "எங்க அம்மா இந்த நீலத்துலதான் போனாங்க" என்றாள். நான் பேசிக்கொண்டிருந்திருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டாள்.

முழுக்கக் குணமாகிவிட்டதா என்றால், இல்லை. சாயங்காலம் களைத்துப்போனால் பெயர்கள் முதலில் ஓடிவிடும். போன வாரம் என் மகளின் பெயருக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். முன்பானால் நடுங்கியிருப்பேன். இப்போது அது எங்கும் போய்விடாது என்று தெரியும். சாந்தா பேப்பரைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டாள். காலையில் ஆடுகிறோம். பெரும்பாலும் நான்தான் பாத்திரம் கழுவுகிறேன். வலது கைக்கும் அது நல்ல பயிற்சி என்று பிசியோதெரபி (உடல் இயக்கப் பயிற்சி) பெண் சொல்லியிருக்கிறாள். சாந்தாவுக்குச் சாக்கு கிடைத்துவிட்டது.

அடையாற்றில் பயிற்சிக்குப் போன இடத்தில் பழக்கமானவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், கொட்டிவாக்கத்தில் வீடு. வாழ்நாளெல்லாம் குரல் கொடுத்துப் பிழைத்த மனிதர். எனக்கு வந்ததைவிட அவருக்குப் பெரிய அடைப்பு. ஒரு வார்த்தையும் வரவில்லை. அவர் மனைவி என்னிடம், "ஒரு போன் பண்ணுங்களேன், உங்க குரல் கேட்டா நல்லாருக்கும்" என்றார். அதிலிருந்து வேலை முடிந்து வந்ததும் அவருக்குப் போன் செய்கிறேன். அவர் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். நான் அன்று கடையில் கேட்ட ஏதாவது ஒன்றைச் சொல்வேன். பிறகு நிறுத்திவிடுவேன். அவர் முறை.

அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வராது. ஃபேன் ஓடும் சத்தம் கேட்கும். தூரத்தில் பெரிய சாலையின் ஹாரன்கள் கேட்கும். அவர் மூச்சு கேட்கும், இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. மனைவி வார்த்தையை எடுத்துக் கொடுக்க வந்தால் "நீங்க சொல்லாதீங்கம்மா" என்பேன். பழைய எனக்குப் போனில் இத்தனை நேரம் சும்மா இருக்கத் தெரியாது. லைன் கட்டாகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்று கத்தியிருப்பேன். இப்போது எனக்குத் தெரியும், அங்கே ஒரு மனிதர் வேலை செய்துகொண்டிருக்கிறார். அது எவ்வளவு பெரிய வேலை என்று என் நாக்குக்கும் தொண்டைக்கும் தெரியும். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இவ்வளவு இடம் இருக்கிறது என்று இந்த உடம்பு எனக்கு முன்பு சொன்னதே இல்லை.

நேற்றும் அப்படித்தான். தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. காய்க்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். ஃபேன் ஓடியது. வெகுநேரம் கழித்து, சாக்குப் பையை இழுத்து வருகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"அப்... புறம்?"

பின்னால் அவர் மனைவி விசும்புவது கேட்டது. எனக்குச் சந்தோஷத்தில், இருந்த வார்த்தையெல்லாம் ஓடிவிட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருந்தேன். அவர் காத்திருந்தார்.